குளிர்சாதனம் கைவிட்ட உப்பு வழி

குளிர்சாதனம் யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது? வெயிலில் வாடிய மனிதனுக்காக என்றே பலரும் நினைப்பார்கள். உண்மையில், அது முதலில் காப்பாற்றியது காகிதத்தை!

1902ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகம் பெரும் சிக்கலில் இருந்தது. காற்றில் ஈரப்பதம் ஏறினால் காகிதம் விரிந்தது; இறங்கினால் சுருங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டிய வண்ணங்கள் இடம் விலகின. தீர்வு காணும் பொறுப்பு பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தின் 25 வயதுப் பொறியாளர் வில்லிஸ் கேரியரிடம் வந்தது.

அவர் முதலில் உப்பை நாடினார். கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்த துணி வழியாகக் காற்றைச் செலுத்தினார். ஈரம் குறைந்தது. ஆனால், உப்பும் காற்றோடு கலந்து வந்ததால் அம்முறையைக் கைவிட்டார். பின்னர் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள்மீது காற்றைப் பாயவிட்டார். ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரம் நீராகப் படிந்து பிரிந்தது. இன்றைய குளிர்சாதனங்கள் ஈரம் நீக்குவதும் இவ்வழியில்தான்.

வெப்பமண்டல நாடுகளுக்கு இது பெரும் வரமானது. 1959இல் பிரதமரானதும் அரசாங்க ஊழியர்கள் பணிபுரிந்த கட்டடங்களில் குளிர்சாதனம் பொருத்தியதாகத் திரு லீ குவான் இயூ பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆனால், வரத்திற்கும் விலை உண்டு. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அதையும் இயந்திரமே அகற்ற வேண்டும். ஈரத்தைப் பிரிப்பதற்காகவே காற்றைத் தேவைக்கு மேல் குளிர்விக்க நேர்கிறது. சில கட்டடங்களில் அந்தக் காற்றை மீண்டும் சூடாக்குகிறார்கள். இப்படி ஒரே காற்றுக்கு இரண்டு முறை சக்தி செலவாகிறது.

ஈரத்தைத் தனியாகவும் வெப்பத்தைத் தனியாகவும் நீக்கினால் என்ன? கைவிடப்பட்ட பழைய வழி இங்கேதான் மீண்டும் கைகொடுக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்தில், குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடங்களின் காற்றை ஈரம் உறிஞ்சும் திரவம் உலர்த்துகிறது. ஈரம் ஏறிய திரவத்தை மறுபடி உலர்த்த வெப்பம் தேவை. வெட்டி எடுக்கப்பட்ட மரக்கழிவுகளை எரிப்பதில் கிடைக்கும் வெப்பம் அதற்குப் பயன்படுகிறது.

2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைப் பேராசிரியர் எர்னஸ்ட் சுவா குழுவினர் இன்னொரு முறையை அறிவித்தனர். அதில் மெல்லிய சவ்வு ஒன்று ஈரத்தைப் பிரிக்கிறது. பிறகு நீரைக் கொண்டே காற்று 18 பாகை வரை குளிர்விக்கப்படுகிறது. மின்சாரம் சுமார் 40 விழுக்காடு குறையும் என்று அக்குழு தெரிவித்தது.

ஆண்டு முழுவதும் புழுக்கம் நிறைந்த இந்த வட்டாரத்தில், மக்களை வாட்டுவது வெயில் மட்டுமன்று, வியர்வையை உலரவிடாத ஈரமும்தான். ஈரம் குறைந்த அறையில் 25, 26 பாகையே இதமாக இருக்கும். மின்விசிறியும் சுழன்றால் இன்னும் சுகம். அந்த உண்மை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் எட்டினால், மின்கட்டணமும் குறையும்; நகரைச் சுடவைக்கும் வெப்பமும் தணியும்.