சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: 360 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சென்னை விமான நிலையத்துல இருந்து நேர்கோட்டுல அளந்தா எது பக்கம், மதுரையா, யாழ்ப்பாணமா?

நிறைய பேர் மதுரைன்னுதான் சொல்வாங்க. ஆனா மதுரை சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கிற பலாலி சுமார் 360தான். அப்புறம் ஏன் நம்ம மனசுல யாழ்ப்பாணம் அவ்வளவு தூரத்துல இருக்கு? அதுக்கான பதில் வரலாற்றில் இருக்கிறது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்ததும் பயணிகள் வந்தார்கள். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியது. கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ். இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. விமானம் டி.சி-3. மணிக்கு 300 கிலோமீட்டர் பக்கம் பறக்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, பலாலியிலிருந்து மெட்ராஸ் ஒன்றேகால் மணி நேரம்.

அதுக்கப்புறம் உலகம் முழுக்க விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே போனது. இந்த வழியில் மட்டும் பயண நேரமும் கூடியது. உள்நாட்டுப் போரில் பலாலி இராணுவத் தளமானது. 1990-ல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற வேண்டி வந்தது. இந்தியாவுக்கு நேரடி விமானம் கிடையாது.

அப்போ எப்படிப் போவது? சென்னையிலிருந்து கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்க, சுமார் 650 கிலோமீட்டர். அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, மறுபடி வடக்கே ஏறி வரணும். சாலையில் மட்டும் ஏழெட்டு மணி நேரம். அதுவும் ஏ9 சாலை திறந்திருந்தால்தான். போர் நடந்த பல வருஷங்கள் அது மூடியே கிடந்தது. ஒன்றேகால் மணி நேரப் பயணம் ஒரு முழு நாளாச்சு. கல்யாணமோ சாவோ, நேரத்துக்குப் போய்ச் சேருவது நிச்சயமில்லை.

2009-ல் போர் முடிந்தும் இந்த வழி திறக்கப் பத்து வருஷம் ஆனது. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தது. நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்தது. நாலே மாதத்தில் கொரோனா. மறுபடி தொடங்கியது 2022 டிசம்பரில். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

ஓடுபாதை குட்டையானது, பெரிய ஜெட் இறங்க முடியாது. அதனால வர்றது ப்ரொப்பெல்லர் வச்ச ஏ.டி.ஆர். 72. பயண நேரம்? கிட்டத்தட்ட அதே ஒன்றேகால் மணிதான். 1947-ல் இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கோம்.

தூரத்தை வேகத்தால் வகுத்தா நேரம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். எந்த வழி யாருக்குத் திறந்திருக்குங்கிறது அந்தச் சூத்திரத்துல இல்லை. ஒண்ணு மட்டும் சொல்லி முடிக்கிறேன். சென்னைப் பயணிக்கு பலாலி இன்னைக்கு ஒன்றேகால் மணி நேரம். 1990-ல் அங்கிருந்து வெளியேறிய எல்லாருக்கும் நிலம் இன்னும் திரும்பக் கிடைக்கலை. ஓடுபாதைக்குப் பக்கத்துலயே வீடு இருந்த சிலருக்கு, இருக்கிறதிலேயே தூரமான ஊர் அதுதான்.