பூதக் கூட்டத்திற்கு உயிர் கொடுத்த இல்லங்கள்

தமிழகத்துக் கோயில்களுக்குச் செல்வோர் மூலவரை வணங்கிவிட்டு விரைந்து திரும்புவதே வழக்கம். விமானத்தின் கூரை விளிம்பிற்குக் கீழே வரிசையாக நிற்கும் குட்டைப் பூதங்களை நிமிர்ந்து பார்ப்போர் சிலரே. அவ்வரிசைக்குப் பூதவரி என்று பெயர். தஞ்சைப் பகுதியிலுள்ள புள்ளமங்கை போன்ற சோழர் காலக் கோயில்களில் அதனைக் கண்டு மகிழலாம். ஒரு பூதம் கொட்டு முழக்கும், மற்றொன்று ஆடும், பிறிதொன்று பல்லைக் காட்டிச் சிரிக்கும். கூட்டமாக நிற்பினும் ஒன்றைப் போல் ஒன்று இராது.

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிச் சிறுவர் சிலர் பெற்றோருடன் ஊருக்குச் சென்று இப்பூதவரியைக் கண்டு திரும்பினர். திரும்பியதும் அவர்கள் நெஞ்சில் ஓர் ஆசை எழுந்தது. 'கல்லில் நிற்கும் பூதங்களை நடக்கச் செய்து ஒரு சிறு படம் எடுத்து, ஆண்டுவிழாவில் காட்டினால் என்ன?' என்பதே அது. களிமண்ணும் கம்பியும் கொண்டு பன்னிரண்டு பூதங்களைச் செய்தனர். ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் அவற்றை நிறுத்தி, கைப்பேசியை அசையாமல் ஓர் உயரத்தில் கட்டிவைத்து, பொம்மைகளைச் சிறிது நகர்த்துவதும் ஒரு படம் எடுப்பதுமாக மூன்று நாள் உழைத்தனர். நூற்றெட்டுப் படங்கள் சேர்ந்தன. திரையில் அவை ஒன்பது விநாடி ஓடும். மூன்றாம் நாள் இரவு விருந்தினர் வந்தனர். மேசையை இழுத்துப் போட வேண்டியதாயிற்று. விட்ட இடம் தெரியாமற் போனமையால் வேலை அத்துடன் நின்றுவிட்டது.

இதனைக் கேள்வியுற்ற பெரியோருள் சிலர், "தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வீண் வேலை" என்றனர். வேறு சிலர், "கணிப்பொறி நொடியில் செய்து தருவதை ஏன் கையால் செய்ய வேண்டும்?" என்றனர். இரண்டும் அன்பினால் எழுந்த சொற்களே. எனினும், பொம்மைக் கூட்டத்தை நடக்கச் செய்யும் இக்கலையின் வரலாறு இவற்றிற்கு என்ன விடை தருகிறது என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் நலம்.

கலையின் இயல்பு

திரையில் ஒரு விநாடிக்கு 24 நிலைப்படங்கள் ஓடுகின்றன. கண் அவற்றைத் தனித்தனியே காணாது; ஒரே இயக்கமாகவே காண்கிறது. ஆகவே, உயிரற்ற பொம்மையை மயிரிழையளவு நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என எடுத்துக்கொண்டே போனால் பொம்மை தானே நடப்பதாகத் தோன்றும். ஒரு நிமிடத்திற்கு 1440 படங்கள் வேண்டும். இரண்டு படத்திற்கு ஒருமுறை மட்டும் நகர்த்தினாலும் 720 முறை நகர்த்த வேண்டும்.

ஒரு பொம்மையாயின் இது பொறுமைக்கு ஒரு சோதனை. கூட்டமாயின் அது நினைவாற்றலுக்கும் சோதனை ஆகிறது. பன்னிரண்டு பூதங்களுள் எது காலைத் தூக்கியது, எது கையை இறக்கத் தொடங்கியது என்பதை ஒவ்வொரு முறையும் மனத்தில் வைத்தல் வேண்டும். ஒன்றை மறந்தாலும் அது திரையில் திடுமெனத் துள்ளிக் காட்டிக் கொடுத்துவிடும். யாரேனும் மேசையைத் தொட்டாலோ கூட்டம் முழுவதுமே துள்ளும். நம் பிள்ளைகளுக்கு நேர்ந்த இடர் இக்கலையில் ஈடுபட்டோர் அனைவரும் அஞ்சிய இடரேயாகும்.

வண்டு வளர்த்த கலைஞர்

போலந்துக் குடும்பத்தில் 1882-இல் மாஸ்கோவில் பிறந்த லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், இன்று லிதுவேனியாவில் உள்ள கௌனஸ் நகரின் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். பூச்சிகளிடம் பேரார்வம் கொண்டவர். மான்கொம்பு போன்ற கொடுக்குகளையுடைய இரு வண்டுகள் போர் புரிவதை 1910-ஆம் ஆண்டளவில் படமெடுக்க விரும்பினார். அவையோ இரவில் இயங்குபவை. விளக்கொளி பட்டதும் அசைவற்று நின்றுவிட்டன. சோர்ந்து போகாத ஸ்டாரெவிச், இறந்த வண்டுகளின் உடலில் மெழுகினால் கம்பிக் கால்களைப் பொருத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தி எடுத்தார். அவர் 1912-இல் வெளியிட்ட பூச்சிக் கதைப் படங்களைக் கண்ட சிலர், பூச்சிகளைப் பழக்கி நடிக்க வைத்ததாகவே நம்பினர் என்று கூறுவர்.

ரஷியப் புரட்சிக்குப் பின் அவர் தாயகம் விட்டு நீங்கினார். இத்தாலி வழியாகப் பிரான்சை அடைந்து, பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோன்டனே-சூ-புவா என்னும் ஊரில் குடியமர்ந்தார். பெரிய படநிலையம் எதனையும் அவர் நாடவில்லை. குடியிருந்த வீடே பணிக்களமாயிற்று. மனைவி அன்னா பொம்மைகளுக்கு உடை தைத்தார். மூத்த மகள் ஐரீன் கதை அமைப்பதிலும் பொம்மைகளை இயக்குவதிலும் தந்தைக்கு வலக்கையாக விளங்கினார். இளைய மகள் படங்களில் நடித்தார். அவ்வீட்டில் 1933-ஆம் ஆண்டளவில் உருவானதே 'மாஸ்காட்' என்னும் படம். நோயுற்ற சிறுமிக்காக ஆரஞ்சுப் பழம் தேடிச் செல்லும் பொம்மை நாய் ஒன்று, நள்ளிரவில் சாத்தானின் விருந்தில் அகப்பட்டுக் கொள்கிறது. அவ்விருந்துக்கு வருவோர் யார்? மீன் முள், கோழி எலும்பு, வைக்கோல், கந்தல், காய்கறி என வீட்டுக் குப்பையில் எறியப்பட்டவை யாவும் உருப்பெற்று எழுந்து வந்து கூத்தாடுகின்றன.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு மிக நெருக்கமானது. அயலூரில் குடியேறிய ஒரு குடும்பம், தன்னிடம் இருந்த சிறு இடத்தையும் எளிய பொருள்களையும் கொண்டு, உலகம் மறவாத கூட்டம் ஒன்றைப் படைத்துவிட்டது. ஸ்டாரெவிச் 1965-இல் மறையும் வரை இத்தொழிலை விடவில்லை.

நம் நாட்டு முன்னோடி

நம் நாட்டுத் திரைப்பட வரலாறும் இதே முறையில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். தாதாசாகேப் பால்கே, 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிடுவதற்கு முன்னர், தொட்டியில் இட்ட பட்டாணி விதை முளைத்துக் கொடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். பல நாள் வளர்ச்சி சில நொடிகளில் கண்முன் நிகழக் கண்டவர்கள் வியந்தனர். அப்படத்தைக் காட்டியே பெரும் படத்திற்குப் பொருள் திரட்டினார். அவருடைய துணைவியார் சரஸ்வதிபாய் படச்சுருளுக்குத் துளையிடவும் அதனைக் கழுவவும் கற்றுக்கொண்டார். குழுவினர் அனைவருக்கும் உணவும் சமைத்தார். 'காளிய மர்தனம்' என்னும் 1919-ஆம் ஆண்டுப் படத்தில் கண்ணனாக நடித்தவர் மகள் மந்தாகினி. பெயர் பெற்றவர் ஒருவர். உழைத்தது ஓர் இல்லம்.

ஏழு எலும்புக்கூடுகள்

அமெரிக்காவில் 1933-இல் 'கிங்காங்' படம் வெளிவந்தபோது, பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டு உறக்கம் இழந்தான். ரே ஹாரிஹாசன் என்பது அவன் பெயர். வில்லிஸ் ஓப்ரயன் என்னும் கலைஞர் பொம்மைக் குரங்கை நகர்த்தி நகர்த்தியே அவ்வற்புதத்தைச் செய்தார் என்று பின்னர் அறிந்து, தானும் வீட்டில் விலங்குப் பொம்மைகள் செய்யத் தொடங்கினான். கரடியின் தோலுக்கு அன்னையின் பழைய மென்மயிர் அங்கி பயன்பட்டது. இயந்திரத் தொழிலாளியான தந்தை, பொம்மைகளுக்குள் வைக்கும் மூட்டுகளோடு கூடிய உலோகச் சட்டங்களைக் கடைந்து கொடுத்தார். வீட்டு வண்டி நிறுத்தும் கொட்டிலே பணிமனை ஆயிற்று.

இளைஞனானபின் தன் பொம்மைகளை ஓப்ரயனிடமே கொண்டு சென்று காட்டினார். பாராட்டை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது, கால்களில் தசையின் அமைப்பே இல்லை என்ற கண்டிப்பு. உடற்கூறு படிக்குமாறு மூத்தவர் அறிவுறுத்தினார். ஹாரிஹாசன் அவ்வாறே உடற்கூறும் ஓவியமும் பயின்றார். 'தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீண் வேலை' என்போர் இதனைக் கருதுதல் வேண்டும். விளையாட்டாய்த் தொடங்கிய வேலையே அவரைப் படிப்பிடம் அழைத்துச் சென்றது. போர் முடிந்த பின், காலங்கடந்த படச்சுருளைக் கொண்டு 1946-இல் குழந்தைப் பாடல்களைப் படமாக்கியபோதும், தாய் உடை தைத்தார். தந்தை சட்டம் கடைந்தார்.

இவ்வுழைப்பின் சிகரம் 1963-இல் வெளிவந்த 'ஜேசனும் ஆர்கோ வீரர்களும்' என்னும் கிரேக்கக் கதைப் படம். நிலத்தைப் பிளந்து எழும் ஏழு எலும்புக்கூடுகள் வாளேந்தி மூன்று வீரரோடு பொருகின்றன. முதலில் இத்தாலியில் உண்மையான வாள்வீரர்களைக் கொண்டு ஒத்திகை நடந்தது. பின்னர் அவர்கள் விலகிக்கொள்ள, நடிகர் மூவரும் வெற்றுக் காற்றோடு போரிட்டனர். அப்படத்தை ஒவ்வொன்றாகத் திரையிட்டு, அதன் முன்னே பொம்மைகளை நிறுத்தி, ஹாரிஹாசன் தனியொருவராய் அவற்றை இயக்கினார். தலை, கை, கால் என எலும்புக்கூடு ஒன்றுக்கு ஐந்து உறுப்புகள். ஏழிற்கும் சேர்த்து ஒவ்வொரு படத்திற்கும் 35 அசைவுகள். சில நாள்களில் பதின்மூன்று படங்களே முடிந்தன. திரையில் அது அரை விநாடி. இக்காட்சி முடிய நான்கரை மாதம் ஆயிற்று. ஒன்பது விநாடிக்கு மூன்று நாள் உழைத்த நம் சிறுவர் எவ்வகையிலும் பின்தங்கியவரல்லர்!

கணிப்பொறி வந்த பின்

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். பறவைக் கூட்டம் பறப்பதைக் கணிப்பொறியில் அமைக்க முயன்ற கிரெய்க் ரெய்னால்ட்ஸ், 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு பறவையும் அண்டையிலுள்ளதன்மேல் மோதாமல் விலகுதல், அது செல்லும் திசையில் செல்லுதல், கூட்டத்தை விட்டுப் பிரியாதிருத்தல் ஆகிய மூன்று விதிகளே போதும், முழுக் கூட்டமும் இயல்பாய்ப் பறக்கும் என்று அவர் காட்டினார். பின்னர், 2001 முதல் 2003 வரை வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காக ஸ்டீபன் ரெஜிலஸ் என்பவர் உருவாக்கிய மென்பொருள், பல்லாயிரம் அரக்கர் கொண்ட படையை நடத்திக் காட்டியது. அப்படையில் ஒவ்வொருவனும் தன் சூழலைக் கண்டு தானே முடிவு செய்யுமாறு அமைக்கப்பட்டிருந்தான்.

இங்கே நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. கூட்டத்தைக் கூட்டமாக நகர்த்தினால் அது உயிர் பெறுவதில்லை. கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி இயல்பைத் தந்தால்தான் உயிர் பெறுகிறது. கணிப்பொறி வல்லுநர் கண்ட இவ்வுண்மையைப் பூதவரி செதுக்கிய சிற்பி உளியால் உரைத்திருக்கிறார். எந்தப் பூதம் சோம்பேறி, எது குறும்புடையது, எது அஞ்சி ஒதுங்கும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே. கருவி அம்முடிவை நிறைவேற்றும், அவ்வளவே. கணிப்பொறியிலும் பொறுமையின்றிப் பயனில்லை. லாட்வியா நாட்டு இளைஞர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், 2019-இல் வெளிவந்த தம் முதல் முழுநீளப் படத்தைக் கணிப்பொறியில் தனியொருவராகவே செய்து முடிக்க மூன்றரை ஆண்டு உழைத்தார். ஆகவே கையா, கணிப்பொறியா என்பது வழக்கன்று. கையால் செய்து பழகியவனுக்குக் கணிப்பொறியும் கட்டுப்படும்.

நம்மிடம் உள்ளவை

நம் பங்காக என்ன தரலாம்? வங்கத்தில் சத்யஜித் ராய் 1969-இல் வெளியிட்ட 'கூப்பி காயின், பாகா பாயின்' படத்தில் புகழ்பெற்ற பேய்க்கூத்து ஒன்றுண்டு. அது நடனக்காரர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. அரசர், வெள்ளையர், எளிய குடிகள், தொந்தி பருத்தோர் எனப் பேய்கள் நான்கு இனத்தவர். அந்நான்கு இனத்தையும் காதாலும் வேறுபடுத்த விரும்பிய ராய், நம் தென்னகத்துத் தாளவாத்தியக் கச்சேரியை நாடி, மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகிய நான்கையும் இனத்திற்கு ஒன்றாய் அமைத்தார். கல்கத்தாவின் பேய்கள் நம் தாளத்திற்கு ஆடின! நம் காலனியில் மிருதங்கம் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடம் வாசிக்கத் தெரிந்த பெரியவரும் இருக்கிறார். நம் பூதங்களுக்குத் தாளம் தேடி வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை.

தையல் அறிந்த தாய்மார்கள் பலர்; கம்பியை வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்த தந்தையர் பலர்; நவராத்திரிக் கொலுவில் ஆண்டுதோறும் பொம்மைகளை அழகுற நிறுத்திக் காட்டும் பாட்டிமார்களோ வீட்டுக்கு ஒருவர். இல்லாதது ஒன்றே: ஒருவரும் தொடாத ஒரு மேசை. இரண்டு அறை வீட்டில் அதைப் பிள்ளைகளுக்குத் தருவது எளிதன்று; அதற்காக எவரையும் நோவதற்கில்லை.

ஆதலால் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நூலகத்திற்குப் பின்னுள்ள சிற்றறையில் இன்று பழைய நாற்காலிகளே கிடக்கின்றன. தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாள் முதல் நாற்பது நாள்களுக்கு அவ்வறையை ஒழித்து, ஒரு மேசையும் ஒரு பூட்டும் கொடுத்து, சாவியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தல் வேண்டும். பன்னிரண்டு பூதங்களும் இப்போது ஒரு செருப்புப் பெட்டியில், கொலுப் பொம்மைகளோடு பரணில் உறங்குகின்றன. இரண்டிற்குக் கை ஒடிந்திருக்கிறது. அவற்றை ஒட்டித் தருவதாக ஒரு பாட்டியார் முன்னரே வாக்களித்துவிட்டார். அறையைத் தருவது நம் கடமை. வரும் ஆண்டுவிழாவில் அவை நம்முன் நடந்து வருக!