கூட்டு வழக்கு, தனியுரிமை வழக்கறிஞர் தொழில் (தமிழ்நாடு)

ஒரே வகைப் பாதிப்புக்கு உள்ளான பலருக்காக ஒருவர் தொடுக்கும் வழக்கு கூட்டு வழக்கு. தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காக்கத் தொடுப்பது தனியுரிமை வழக்கு. அமெரிக்காவில் இரண்டையும் ஒரே வழக்கறிஞர் நடத்துவது வழக்கம். முகப்பதிவு தொடர்பாக ஃபேஸ்புக் மீது இல்லினாய் மாநிலப் பயனர்கள் தொடுத்த கூட்டு வழக்கு, 2021இல் 65 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தமிழ்நாட்டில் இரண்டும் தனித்தனி ஓடைகளாகவே ஓடிவந்துள்ளன.

தகுதியும் கட்டுப்பாடும்

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, சட்டப் பட்டம் பெற்று பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் எல்லா வகை வழக்குகளையும் நடத்தலாம். இத்துறைக்கென்று தனிப் பதிவு கிடையாது. சீனியரிடம் ஜூனியராக இருந்து கற்பதே பயிற்சி. வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும், தொழிலுக்கு விளம்பரம் செய்வதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அமெரிக்கக் கூட்டு வழக்குத் தொழிலைத் தாங்கி நிற்பவையோ இங்கே தடுக்கப்பட்ட இம்மூன்றுமே.

கூட்டு வழக்கு

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 1, விதி 8 இதற்கு அடிப்படை. நீதிமன்ற அனுமதி பெற்று ஒருவர் பலருக்காக வழக்காடலாம். மற்றவர்களுக்கு நேரிலோ பத்திரிகை வழியாகவோ அறிவிப்புத் தரவேண்டும். சென்னை அசோக் நகரில் வீட்டு வசதி வாரியம் கூடுதல் விலை கேட்டபோது, ஒதுக்கீடு பெற்ற ஒருவர் மற்றவர்களுக்காகவும் வழக்குத் தொடுத்தார். ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் வேறு என்றது வாரியம். நலன் பொதுவாக இருந்தால் போதும் என 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பங்குதாரர்களுக்கும் இவ்வழியை விரித்தது. நுகர்வோருக்கு முன்பே இருந்த இவ்வழியை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்தது.

தனியுரிமை

1954, 1962 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழின் வழக்கில் 1994இல் வந்த தீர்ப்பு, தனித்திருக்கும் உரிமையை அரசமைப்பின் 21ஆம் பிரிவோடு இணைத்தது. வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது எனவும், பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம் எனவும் அது கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஒருமனதாக அறிவித்தனர். மனுதாரர் தரப்பில் வாதாடியவர்களுள் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாரும் ஒருவர்.

மதுரைக் கிளை

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டிக்காரர் ஒரு ரிட் (நீதிப்பேராணை) மனுவுக்காகச் சென்னைக்குப் போகவேண்டிய நிலை, 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டதும் மாறியது. தென்மாவட்ட வழக்கறிஞர்களின் ரிட் தொழில் இங்கே வேரூன்றியது. தனியுரிமை குறித்த முக்கியக் கேள்வி ஒன்றும் இங்கேயே எழுந்தது. குற்றவழக்கில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மறுத்தார். 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் அமர்வு நீக்க உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இன்றைய நிலை

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அத்தொகை அரசின் கருவூலத்துக்கே சேரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு தந்திருந்த இழப்பீட்டு வழியை நீக்கவும் இச்சட்டம் வகை செய்கிறது. ஆயிரம் பேரின் தரவு கசிந்தாலும் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க இச்சட்டத்தில் தொகை இல்லை என்பதால், தமிழ்நாட்டில் இரு ஓடைகளும் இன்னும் கலக்கவில்லை.