வாத்துக் காலில் ஓர் ஆணி

வீட்டில் வளர்க்கும் வாத்து ஒன்று நொண்ட ஆரம்பிக்கிறது. தூக்கிக் காலைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்காலின் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. இதை ஆங்கிலத்தில் பம்பிள்ஃபுட் என்கிறார்கள். மருத்துவப் பெயர் போடோடெர்மடைட்டிஸ். மனிதர்களுக்கு வரும் கால் ஆணியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி என்னவென்றால், இது வெறும் தோல் தடிப்பு அல்ல, உள்ளே கிருமி குடியேறிய புண். கவனிக்காமல் விட்டால் தசைநாண், மூட்டு, எலும்பு என்று மேலே ஏறும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கடினம்.

ஒரு வாத்தின் காலில் வரும் புண்ணுக்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் இதைத் தேடிப் போனால் ராஜாக்களின் வல்லூறு, லண்டனுக்கு நடந்து போன வாத்துக் கூட்டம், பெனிசிலின் என்று எங்கெங்கோ போய் நிற்கிறது!

முதலில் வல்லூறு. பழைய காலத்தில் வாத்துக்கு யாரும் மருத்துவம் எழுதி வைக்கவில்லை. வாத்து நொண்டினால் அன்று இரவு அடுப்பில் ஏறிவிடும், அவ்வளவுதான். விலை மதிப்புள்ள பறவைக்குத்தான் வைத்தியம். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பறவை வேட்டைக்குப் பழக்கிய வல்லூறு. 1486ல் இங்கிலாந்தில் அச்சான 'செயின்ட் ஆல்பன்ஸ் நூல்' வல்லூறுகளின் கால் வீக்கத்துக்கு ஒரு களிம்பு சொல்கிறது. வெண்ணெய், ஆலிவ் எண்ணெய், படிகாரம் மூன்றையும் நெருப்பில் காய்ச்சிக் காலில் தடவ வேண்டும், பறவையை வெயிலில் வைக்க வேண்டும். நோய்க்கு அந்த நூல் கொடுத்த பெயர் 'பொடாகர்'. அது மனிதர்களுக்குக் கால் விரலில் வரும் கௌட் என்ற வாத நோயின் பெயர். பணக்காரர்களுக்கு வரும் நோய் பணக்காரர்களின் பறவைக்கும் வருகிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. படிகாரம் தோலை இறுக்கும், எண்ணெய் மிருதுவாக்கும். மேல் தோலோடு நிற்கும் புண்ணுக்கு அது கொஞ்சம் உதவியிருக்கலாம். உள்ளே இறங்கிய புண்ணை அது தொட்டிருக்கவே முடியாது.

வாத்தின் கால் முக்கியமானது அது சந்தைப் பொருள் ஆனபோதுதான். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயர் பகுதியில் எய்ல்ஸ்பரி என்ற ஊர் வெள்ளை வாத்துக்குப் பேர் போனது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கிருந்து வாத்துகளை லண்டன் சந்தைக்கு நடத்தியே ஓட்டிக்கொண்டு போனார்கள். தூரம் சுமார் 64 கிலோமீட்டர்! சவ்வுள்ள, மெல்லிய தோலுள்ள கால் அது. சேற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்றது, கல் ரோட்டுக்கு அல்ல. எனவே கிளம்புவதற்கு முன் வாத்துகளை ஆறிய தாரில் நடக்கவிட்டு, பிறகு மரத்தூளில் நடக்கவிட்டார்கள். இரண்டும் ஒட்டிக் காய்ந்து செருப்பு மாதிரி ஆகிவிடும். 1839ல் எய்ல்ஸ்பரிக்கு ரயில் வந்ததும் இந்தக் கால்நடைப் பயணத்துக்குத் தேவையில்லாமல் போனது.

இந்தத் தார்ச் செருப்பு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அந்த ஓட்டிகளுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வாத்தின் காலைக் கெடுப்பது தரைதான். படித்த மனிதர்களுக்கு இது புரிய இன்னும் பல காலம் ஆனது.

அடுத்து வந்தது கோழிப் பைத்தியம். 1840களில் சீனாவிலிருந்து பெரிய கோழிகள் விக்டோரியா ராணியின் பண்ணைக்கு வந்தன. 1845ல் லண்டனில் கோழிக் கண்காட்சி நடந்தது. நாடு முழுவதும் அழகுக்கும் எடைக்கும் கோழி வளர்க்கும் மோகம் பிடித்தது. பரிசுக் கோழியின் காலில் புண் வந்தால் நஷ்டம் பெரிது. ஆகவே அந்தக் காலத்துக் கோழி வளர்ப்பு நூல்களில் பம்பிள்ஃபுட்டுக்கு இடம் கிடைத்தது. டார்க்கிங் என்ற ஐந்து விரல் கொண்ட கனத்த இனத்துக்கு இது அதிகம் வருகிறது என்று கவனித்தார்கள். காரணம் என்ன? கோழி உயரமான கம்பில் அடைகிறது, காலையில் 'தொப்'பென்று குதிக்கிறது, அதில் உள்ளங்கால் அடிபடுகிறது என்றார்கள். வைத்தியம், சில்வர் நைட்ரேட் வைத்துச் சுடுவது, இல்லையென்றால் கத்தியால் கீறி உள்ளே இருப்பதை எடுப்பது.

கம்பு உயரம் என்ற விளக்கம் கோழிக்குப் பொருந்தும். ஆனால் வாத்து? வீட்டு வாத்து கம்பில் ஏறுவதே இல்லை, தரையில்தான் படுக்கிறது. அதற்கும் இதே புண் வருகிறது. (மஸ்கோவி வாத்து மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, அது மரம் ஏறும் ஜாதி.) ஆகவே குதிப்பது ஒரு காரணமே தவிர, அதுவே காரணம் அல்ல. காட்டு மல்லார்டு வாத்தின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதிலிருந்து மனிதன் உருவாக்கிய பெக்கின் வாத்து நான்கு கிலோவைத் தாண்டுகிறது. இந்த இனம் 1873ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், லாங் ஐலண்டில் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. காட்டு வாத்தின் பாதி வாழ்க்கை தண்ணீரில் கழிகிறது. அங்கே உடம்பைத் தாங்குவது தண்ணீர், கால் அல்ல. பெக்கின் வாத்தோ மூன்று நான்கு மடங்கு எடையோடு நாள் முழுதும் சிமெண்ட் தரையில் நிற்கிறது. அழுத்தத்தில் தோல் தடிக்கும், வெடிக்கும். ஈரமான எச்சம் அதை ஊறவைக்கும். தீவனத்தில் வைட்டமின் ஏ, பயோட்டின் குறைந்தால் தோல் இன்னும் பலவீனமாகும். ஒரு சின்னக் கல் போதும், வாசல் திறந்துவிடும்.

அந்த வாசல் வழியாக நுழைவது யார்? இதற்குப் பதில் கிடைத்தது ஸ்காட்லாந்தில். ஆபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். காயத்தில் ஏன் சீழ் பிடிக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒரு நோயாளியின் சீழ்க்கட்டியிலிருந்து எடுத்த சீழைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொத்துக் கொத்தாக உருண்டைகள்! 1880ல் பெர்லினில் நடந்த அறுவை மருத்துவர் மாநாட்டில் இதை அறிவித்தார். 1882ல் அந்தக் கிருமிக்கு 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்து என்று பொருள். ஜெர்மனியில் கவனித்துக் கேட்டார்கள், சொந்த நாட்டிலோ சந்தேகப்பட்டார்கள். (இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆய்வுக் கொட்டகையில் அந்தக் கிருமியை வளர்க்க அவர் பயன்படுத்தியது புதுக் கோழி முட்டைகள். கோழிக்கும் வாத்துக்கும் காலில் சீழ் வைக்கும் முக்கியக் கிருமி, முதலில் வளர்க்கப்பட்டது முட்டைக்குள்! 1884ல் ரோசன்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் பொன்னிறத்தில் வளரும் வகையைப் பிரித்து 'ஆரியஸ்' என்றார். இன்று வாத்தின் கால் புண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அடிக்கடி வருகிற பெயர் அதே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான்.

1928ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்து பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தட்டில் இருந்ததும் ஸ்டாஃபிலோகாக்கஸ்தான். 1940களில் பெனிசிலின் மருந்தாக வந்தது. இனி கத்தி எதற்கு, ஊசி போட்டால் போதும் என்று தோன்றியிருக்கும். ஆனால் பறவையின் கால் ஒத்துழைக்கவில்லை.

காரணம் பறவையின் சீழ். மனிதனின் வெள்ளணுக்களில் உள்ள நொதிகள் திசுவைக் கரைத்துச் சீழைத் திரவமாக்கும். பறவையில் அந்த வேலையைச் செய்யும் ஹெட்டரோஃபில் என்ற அணுவில் மயலோபெராக்சிடேஸ் முதலிய சில நொதிகள் இல்லை. எனவே பறவையின் சீழ் கெட்டியான பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். சுற்றிலும் தடித்த உறை கட்டிக்கொள்ளும். நாம் ஆணி என்கிறோமே, அது இந்த இறுகிய சீழ்தான். அதற்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? ஆகவே ஆழமான புண்ணில் கெட்டியை வெளியே எடுத்தே ஆகவேண்டும், மருந்து அதற்குத் துணை மட்டுமே. அந்த விஷயத்தில் விக்டோரியா காலத்துக் கோழிக்காரரின் கத்தி தப்பான கருவி அல்ல. கையைக் கழுவாமல், வலி மருந்து இல்லாமல் வெட்டியதுதான் தப்பு.

இன்னொரு சிக்கலும் கூடவே வளர்ந்தது. 1950களிலிருந்து பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் தீவனத்திலேயே கலந்து போடப்பட்டது. நோய்க்காக அல்ல, எடை கூடுவதற்காக. கிருமிகள் மருந்துக்குப் பழகின. 1969ல் பிரிட்டனில் ஸ்வான் குழு எச்சரித்தது. ஐரோப்பிய யூனியன் 2006ல் வளர்ச்சிக்கான பயன்பாட்டை முழுவதும் நிறுத்தியது. அமெரிக்கா 1997ல் ஃப்ளூரோகுயினலோன் வகை மருந்துகளை, அனுமதித்த பயன்பாட்டுக்கு வெளியே உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கத் தடை போட்டது. 2005ல் கோழிப் பண்ணைகளுக்கான என்ரோஃப்ளாக்சசின் அனுமதியையும் திரும்பப் பெற்றது. 2023 ஜூன் முதல், மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளைக் கால்நடைக்கு வாங்கவும் மருத்துவர் சீட்டு தேவை.

இவை எல்லாமே நியாயமான சட்டங்கள். ஆனால் அங்கே பெயர் வைத்து வளர்க்கும் ஒற்றை வாத்தும் சட்டத்தின் பார்வையில் உணவுப் பிராணிதான். அதே கால் புண் கூண்டுக் கிளிக்கு வந்தால் மருத்துவர் கொடுக்கக்கூடிய மருந்தை, வாத்துக்கு வந்தால் கொடுக்க முடியாது. பண்ணைகள் செய்த தவறுக்கு வீட்டு வாத்து அபராதம் கட்டுகிறது.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு திருப்பம் உண்டு. எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் 2009ல் ஒரு மரபணு ஆய்வை வெளியிட்டார்கள். உலகெங்கும் பண்ணைக் கோழிகளில் பரவியிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வகைகளில் பெரும்பான்மையானது, சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் மனிதனிடமிருந்து கோழிக்குத் தாவியது என்று கண்டார்கள். அது போலந்து நாட்டிலோ அதன் அருகிலோ நடந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. தாவிய பிறகு மனிதனுக்கேற்ற சில மரபணுக்கள் செயலிழந்தன, பறவைக் கிருமிகளிடமிருந்து புதியவை சேர்ந்தன. பறவைகளிடமிருந்து நமக்கு நோய் வருகிறது என்று சொல்லியே பழகிவிட்டோம். இங்கே நோயைக் கொடுத்தது மனிதக் கை. (ஆய்வு கோழிகளைப் பற்றியது. வாத்துக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது.)

இன்று வீட்டு வாத்துக்கு என்ன செய்கிறார்கள்? தோல் சிவந்து தடித்த நிலையிலேயே பார்த்துவிட்டால் வேலை சுலபம். வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பது, போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கரைத்துக் கழுவுவது, மெத்தென்ற கட்டுப் போடுவது, எடையைக் குறைப்பது. வீக்கம் ஆழமாக இருந்தால் கால்நடை மருத்துவர்தான். அவர் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பார், மயக்க மருந்து கொடுத்து ஆணியை எடுப்பார், சீழைச் சோதித்து எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பார். வீட்டு மேஜையில் வாத்தைத் துண்டில் சுற்றிப் பிளேடால் கீறும் வீடியோக்கள் இணையத்தில் நிறைய உண்டு. வாத்து கத்தாமல் கிடப்பது வலிக்காததால் அல்ல. பயத்தில் உறைந்து கிடக்கிறது. வேட்டையாடப்படும் பிராணிகள் வலியைக் காட்டாது. கையுறை போடுவதும் அவசியம், கிருமி இரு பக்கமும் போகும். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை முட்டையைச் சாப்பிடக் கூடாது.

வாத்துக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லை கட்டுதான். கோழிக்குக் கட்டுப் போட்டால் காய்ந்தபடி இருக்கும். வாத்து முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். ஈரக் கட்டு புண்ணுக்கு எதிரி. ஆகவே சில நாட்கள் குளத்தை மறைத்து, தலையை முழுவதும் முக்கும் ஆழத்துக்கு ஒரு வாளி மட்டும் வைக்க வேண்டும். மூக்கும் கண்ணும் கழுவ அதற்கு அது தேவை. புதுத் தோல் மூடியதும் முதலில் திறந்துவிட வேண்டியது அதே குளத்தைத்தான், தண்ணீரைப் புதிதாக மாற்றிவிட்டு. சிமெண்ட் தரைமேல் ரப்பர் பாயோ, தினமும் மாற்றும் காய்ந்த வைக்கோலோ அதற்குள் போட்டிருக்க வேண்டும்.