யார் சுட்டது? – வீரப்பன் வேட்டைப் படங்களை முன்வைத்து

அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 அக்டோபர் 26 அன்று அரை நிமிஷம் நடந்த துப்பாக்கிச் சண்டையின்போது ஊர் மார்ஷலாக இருந்தவர் வயட் ஏர்ப் அல்ல. அவருடைய அண்ணன் வர்ஜில். வயட் அன்று துணைக்குச் சேர்ந்தவர். ஆனால் வர்ஜில் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. வயட் 1929இல் இறந்தார். 1931இல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரை எல்லைப்புறத்தின் ஒரே மார்ஷலாக்கிற்று. 1946இல் ஜான் ஃபோர்டு ‘மை டார்லிங் க்ளெமன்டைன்’ எடுத்தபோது சட்டத்தின் பொறுப்பு முழுக்க வயட் மார்பில் ஏறிவிட்டது. வர்ஜிலைச் சண்டைக்கு முன்பே சாகடித்துவிட்டார் ஃபோர்டு. நிஜத்தில் காச நோயில் 1887இல் செத்த டாக் ஹாலிடேயும் அங்கேயே சுடப்பட்டு விழுகிறான். மகத்தான படம், சரித்திரமாகப் பார்த்தால் ஏறத்தாழ முழுப்பொய்.

பிற்பாடு வந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜான் ஸ்டர்ஜஸ் 1957இல் அந்தச் சண்டையை உச்சக்காட்சியாக்கி ஒரு படம் எடுத்தார். பத்து வருஷம் கழித்து அதே சண்டையில் ஆரம்பித்து, பின்னால் நடந்த பழிவாங்கல் கொலைகளைத் தொடரும் இன்னொரு படத்தை அவரே எடுத்தார். தன் படத்துக்குத் தானே மறுப்பு எழுதிய டைரக்டர்! 1993 டிசம்பரில் ‘டூம்ஸ்டோன்’ வந்தது. ஆறு மாதத்துக்குள் கெவின் காஸ்ட்னரின் ‘வயட் ஏர்ப்’. முதல் படத்தின் ஸ்கிரிப்டில் தன் பாத்திரத்துக்குப் போதிய இடமில்லை என்று விலகிப் போய் எடுத்த படம் அது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படம் அதிக நேர்மையானது, அதிகச் சலிப்பானதும் கூட. ஜனங்கள் ‘டூம்ஸ்டோன்’ பக்கம்தான் போனார்கள்.

இந்தத் தூரதேசத் தகராறை இங்கே இழுத்துவரக் காரணம் உண்டு. பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறினால் நம்முடைய எல்லைப்புறம் ஆரம்பமாகிறது. நாம் அதை எல்லைப்புறம் என்று யோசிப்பதில்லை. 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை கொள்ளேகால் தாலுக்கா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1952இல் கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன், பிறப்பால் கோயமுத்தூர் ஜில்லாக்காரன். அவனால் 2000 ஜூலை 30 அன்று கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் வைக்கப்பட்ட கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊர் தாளவாடி அருகே கஜனூர். அதுவும் 1979இல் ஈரோடு ஜில்லா பிரியும்வரை கோயமுத்தூர்தான். காட்டின் நடுவே ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ் வைத்துக்கொண்டு, நடுவில் ஒருவன் இத்தனை வருஷம் எப்படித் தப்பினான் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தமிழ் சினிமாவுக்கு ஷெரீப் மரபு கிடையாது. கொள்ளைக்காரன் மரபு உண்டு. கோவை பக்ஷிராஜாவில் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எடுத்த ‘மலைக்கள்ளன்’ அதற்குப் பெரிய முன்னோடி. 1983இல் சேலம் பக்கத்து நிஜக் கொள்ளைக்காரன் ஒருவனின் பெயரில் ‘மலையூர் மம்பட்டியான்’ வந்தது. இவற்றில் சட்டம் கொள்ளைக்காரனின் நியாயத்துக்கு எதிரில் நிற்கும் ஒரு தடை மட்டுமே.

திருப்பம் 1991 ஏப்ரலில் ‘கேப்டன் பிரபாகர’னோடு வந்தது. ஆர்.கே. செல்வமணியின் படம், விஜயகாந்துக்கு நூறாவது. வீரபத்திரன் என்ற பெயரில் மன்சூர் அலிகான். அவனை வேட்டையாடும் நாயகன் போலீஸ்காரன் அல்ல, வன அதிகாரி. அவனுக்கு முன்னால் அங்கே போன இன்னொரு வன அதிகாரி கொல்லப்படுகிறான். அந்தச் சாவுதான் நாயகனைக் காட்டுக்கு அழைத்து வருகிறது. படம் வெளியான ஏழாவது மாதம், நவம்பர் 10 அன்று, நிஜ வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் கொல்லப்பட்டு அவர் தலை துண்டிக்கப்பட்டது. சினிமா முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று இதை வியப்பது மலிவான வியப்பு. சினிமா சொன்னதில் பிற்பகுதி நடக்கவில்லை. பழிவாங்க எந்தக் கேப்டனும் வரவில்லை. 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அதன்பின் வந்தது அதிரடிப்படை, பத்து வருஷங்களுக்கு மேல்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 2004 அக்டோபர் 18 இரவு, தர்மபுரி பாப்பாரப்பட்டிக்கு அருகில், ஆம்புலன்ஸ் வேஷம் போட்ட ஒரு போலீஸ் வேன். வீரப்பனும் மூன்று கூட்டாளிகளும் செத்தார்கள். டூம்ஸ்டோனைப் போலவே சில நிமிஷங்களில் முடிந்த விஷயம். டூம்ஸ்டோனைப் போலவே மார்ஷல் யார் என்ற கேள்வியும் கூட வந்தது.

ஏ.எம்.ஆர். ரமேஷின் ‘வன யுத்தம்’ (2013) அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமாரை நாயகனாக வைக்கிறது. அர்ஜுன் அந்த வேஷத்தில், கிஷோர் வீரப்பனாக. பத்திரிகைக் கத்தரிப்புகளை வரிசையாக ஒட்டியது போன்ற படம். கடத்தல், வெடி, பேச்சுவார்த்தை, ஆம்புலன்ஸ் என்று தேதி தவறாமல் போகிறது. வீரப்பனின் மனைவி தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், அதற்குப் பிறகே வெளியானது. மூன்று வருஷம் கழித்து, 2016 ஜனவரி முதல் தேதி, ராம் கோபால் வர்மா கன்னடத்தில் எடுத்த ‘கில்லிங் வீரப்பன்’. இதில் முன்னே நிற்பவர் தலைவர் அல்ல. அவருக்குக் கீழே உளவு வேலை பார்த்த எஸ்.பி. செந்தாமரைக் கண்ணனை முன்மாதிரியாகக் கொண்ட அதிகாரி. அண்ணன் வகித்த பதவியைத் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்தது அரிசோனாக் கதை. இங்கே மேலதிகாரியிடமிருந்து கீழதிகாரிக்கு இறங்குகிறது. வர்மாவுக்குக் காடு முக்கியமில்லை. ஒரு மூளை இன்னொரு மூளையை எப்படிப் பொறியில் விழவைக்கிறது என்பதுதான் முக்கியம். சினிமாவாக இரண்டில் இதுவே மேல் என்பேன், அதன் இரைச்சலையும் மீறி.

ஆனால் அந்த அதிகாரியாக நடித்தவர் சிவராஜ்குமார். காட்டில் 108 நாள் இருந்த ராஜ்குமாரின் மகன். படத்தின் உண்மையான கதை அதுதான் என்று தோன்றுகிறது. தியேட்டரில் கன்னட ரசிகன் பார்த்தது எஸ்.பி.யை அல்ல, அப்பனுக்காகக் கணக்குத் தீர்க்கும் மகனை. ஃபோர்டு செய்த காரியத்தை வர்மா வேறு வழியில் செய்துவிட்டார். வழக்கு குடும்பப் பகையாயிற்று.

விஜயகுமார் தன் தரப்பை 2017இல் ஆங்கிலப் புத்தகமாகவே எழுதினார். மறுபக்கம், 2007இல் மக்கள் தொலைக்காட்சியில் கௌதமனின் ‘சந்தனக்காடு’ தொடர், அதிரடிப்படையிடம் அடிபட்ட ஜனங்களைக் காட்டியது. காட்டியதோடு நிற்காமல் வீரப்பனை வீரனாக்கவும் செய்தது. பழைய மலைக்கள்ளனே திரும்பி வந்தான். சுட்டவனா, சுடப்பட்டவனா என்ற இரண்டே இடங்கள்தான் இந்தச் சண்டையில்.

நடுவில் இருந்தவர்களுக்குப் படம் இல்லை, தஸ்தாவேஜு உண்டு. மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழு கோபிசெட்டிபாளையத்திலும் கொளத்தூரிலும் மாதேஸ்வரன் மலையிலும் உட்கார்ந்து சாட்சியம் கேட்டது. மாதேஸ்வரன் மலை முகாமில் ‘ஒர்க்‌ஷாப்’ என்று ஓர் இடத்துக்குப் பெயர் இருந்ததையும், அங்கே என்ன நடந்தது என்பதையும் சோளகரும் மற்றவர்களும் சொன்னார்கள். 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொல்லிற்று ஆணையம். வழக்கறிஞர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வந்தது 2004இல், பாப்பாரப்பட்டி வருஷம். அரூர்ப் பக்கத்து வாச்சாத்தி அதிரடிப்படைக் கணக்கில் வராது. ஆனால் அதே சந்தனக்கட்டையைத் தேடித்தான் 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். 2011இல் தீர்ப்பு வந்தது: குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டத்தின் கை பற்றிய சரித்திரம் என்றால் இதுவும் அந்தச் சரித்திரம்தான். இதை அர்ஜுனுக்கோ சிவராஜ்குமாருக்கோ எப்படி ஸீனாக எழுதுவது?

ஸ்ரீநிவாஸ் விஷயத்துக்குத் திரும்ப வேண்டும். மேலே சொன்ன எந்தப் படத்திலும் அவர் நடுவில் இல்லை, கொல்லப்படுவதற்காக வருகிறார். கோபிநத்தத்திலேயே தங்கி, ஜனங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, வீரப்பன் கூட்டத்து ஆட்களைப் பேசிப்பேசிச் சரணடைய வைத்தவர் அவர். சரணடைகிறேன் என்ற சொல்லை நம்பி ஆயுதமில்லாமல் போய்ச் செத்தார். கீர்த்தி சக்ரா பிறகு வந்தது. துப்பாக்கி எடுக்காத மார்ஷலுக்கு வெஸ்டர்ன் படத்திலும் இடம் கிடையாது. கோபிநத்தத்தில் அவர் கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயிலில் சாமிக்குப் பக்கத்தில் அவர் போட்டோவை வைத்திருக்கிறார்கள், வீரப்பனின் சொந்த ஊர்க்காரர்கள்.