ஏட்டுப் பிழையும் தொகுதிப் பிழையும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரம் தமிழ் நூல் வரலாற்றில் இருவரால் நினைக்கப்படும் ஊராகும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வூரினர், பதினெட்டாம் நூற்றாண்டினர். அந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. மற்றொருவர், திருவாவடுதுறை ஆதீனத் தலைவராய் விளங்கி 1888-இல் மறைந்த மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் அவர்தம் மாணாக்கர் உ. வே. சாமிநாதையரையும் புரந்தவர் இவரே. ஐயர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஆதீனத்து ஏடும் அவர்க்குத் துணைநின்றது.

ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. ரகரமும் கால் என்னும் துணையெழுத்தும் ஒரே வடிவின. மேலகரம் என்ற பெயரே ஏட்டில் ‘மெலகரம’ என நிற்கும். ‘மெலகாம’ என ஒருவன் படித்தாலும் ஏடு அவனைத் தடுக்காது. எனினும் எழுதுவோன் ஒவ்வொருவனும் தன்தன் இடத்தில் தன்தன் வகையில் தவறினான். ஓர் ஏட்டின் வழுவை மற்றோர் ஏடு காட்டிக்கொடுத்தது. பாடவேறுபாடு காணும் முறை முழுதும் இவ்வேறுபாட்டின்மேல் எழுந்ததே என்க.

இனி, நம் காலத்தில் நிகழ்ந்ததை நோக்குவாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் நூலைத் தட்டெழுதி, மெய்ப்பு நோக்கி வெளியிட்டனர். குற்றாலக் குறவஞ்சியும் அதில் உண்டு. அது படியெடுப்போன் முறையின் தொடர்ச்சியே. 2016-ஆம் ஆண்டையொட்டி வேறொரு முறை வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவை பி.டி.எஃப். கோப்புகளாக விக்கிமூலத்திற்கு வந்து சேர்ந்தன. நூலொன்றுக்கு 150 பக்கம் எனக் கொள்ளினும் தொகை மூன்று இலட்சம் பக்கத்தைக் கடக்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து முடிக்க ஒருவர் வாழ்நாள் போதாது. ஆகவே தன்னார்வலர் ஒரு நிரல் இயற்றினர். அது கோப்பினைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும். ஒவ்வொரு பக்கப்படத்தையும் கூகுள் நிறுவனத்தின் எழுத்துணரிக்கு அனுப்பும். மீளும் எழுத்தை உரிய பக்கத்தில் இட்டு அடுத்ததற்குச் செல்லும். இரவும் பகலும் ஓய்வின்றி நிகழ்ந்த இதனைத் தொகுதிமுறைச் செயலாக்கம் என்பர்.

இம்முறையில் பிழையின் இயல்பே மாறிவிடுகின்றது என்பதே யாம் ஈண்டு வலியுறுத்த விரும்புவது. பொறி தவறுமிடத்து, அதே வடிவம் வருமிடமெல்லாம் தவறும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. றா என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு முற்பட்ட அச்சில் குற்றாலம் என்ற சொல்லிலேயே பழைய வடிவம் உள்ளது. எழுத்துணரி அதனை வேறெழுத்தாகக் கொள்ளுமாயின், அவ்வச்சு நூல்கள் அனைத்தினும் குற்றாலம் ஒருசேர மறையும். தேடுவோர்க்கு அது கிடைக்காது. நூறு நூல்களை ஒப்பிடினும் பயனில்லை; நூறும் ஒரு கையால் எழுதப்பட்டனவே.

ஒருதன்மைத்தான பிழையை ஒரே ஆணையால் திருத்தலாமே எனின், அதுவும் ஆராய்தற்குரியது. தேய்ந்த அச்சில் ‘மேலகரம்’ என்பது ‘மேலகாம்’ என வருவதாகக் கொள்வோம். அம்முழுச்சொல்லை மாற்றின் தீங்கில்லை. ‘காம்’ வருமிடமெல்லாம் ‘கரம்’ ஆக்கின் காம்பு கரம்பாகிவிடும். கரம்பும் நற்றமிழ்ச் சொல்லாதலின் அகராதி கொண்டு சோதிப்பினும் இப்புதுப்பிழை அகப்படாது. பழைய பிழையினும் இது கொடியது. முன்னது பிழையெனத் தோன்றிற்று.

வரிசைப் பிறழ்ச்சியும் உண்டு. பக்கக் கோப்புகளுக்கு 1, 2, 3 எனப் பெயரிட்டால் கணிப்பொறி அவற்றை எழுத்துவரிசையாகக் கருதி 1, 10, 11, 2 என அடுக்குவது இயல்பு. ஏடு மாறிக் கோத்த சுவடியைக் கண்டார்க்கு இது புதிதன்று. 001, 002 எனப் பெயரிடின் தீரும். (சுவடி எழுதினோர் ஏட்டின் ஓரத்தில் எண்ணிட்டதும் இதற்கே.)

பொறி படித்த பக்கங்களைப் படத்திலிருந்து பிரித்து வழங்குதலை யாம் உடன்படோம். விக்கிமூலத்தில் எழுத்தும் பக்கப்படமும் அருகருகே நிற்கின்றன. மெய்ப்பு நோக்காத பக்கம் சிவப்பாலும், ஒருவர் நோக்கியது மஞ்சளாலும், மற்றொருவரும் சரிபார்த்தது பச்சையாலும் குறிக்கப்படும். நம் மாணாக்கர் இந்நூல்களிலிருந்து மேற்கோள் எடுக்குங்கால் பக்கத்தின் நிறத்தையும் குறித்தல் வேண்டும். மூலபாட ஆராய்ச்சி பயில்வோர்க்குத் தலைக்குப் பத்துச் சிவப்புப் பக்கங்களைப் பயிற்சியாக அளிக்கலாம். ஒரு துறையில் முப்பதின்மர் இருப்பின் முந்நூறு பக்கம் தேறும்.