தோல்ஸுக்கு எந்தத் திணை?



எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். "டி.வி. தொடரில் வர்ற ஜோடியைப் பத்திப் பேசறது வெட்டிப் பேச்சு, வேலையத்தவங்க பேச்சு" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கதையைக் கதையாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றும் கேட்டார். நான் பார்த்தவரைக்கும் அந்தப் பேச்சைப் பேசியவர்கள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள். வேறெங்கேயோ இல்லை, இதே ஸ்ரீபெரும்புதூரில், என் வீட்டு மாடியில்.

மாடிக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம். பேராசிரியர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும். (சிரிப்பு)

நாம் நிற்கிற இந்த மேடைக்கே வயசு அதிகம். பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது, மணிமேகலையில் இருக்கிறது. சோழ மன்னனுக்கு வச்சிர நாட்டான் முத்துப் பந்தல் கொடுத்தான், அவந்தி நாட்டான் தோரண வாயில் கொடுத்தான், மகத நாட்டான் கொடுத்தது பட்டிமண்டபம் என்று சிலம்பு சொல்கிறது. அங்கே சமயவாதிகள் உட்கார்ந்து எது பெரிய தத்துவம் என்று வாதாடினார்கள். சரி, அதை நாம் என்ன செய்தோம்? 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கினார். அந்த மாதிரி மேடைகளில் வளர்ந்த பட்டிமன்றம் ஊர் ஊராகப் பரவியபோது, ஜனங்கள் விரும்பிக் கேட்ட தலைப்பு எது? கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா! நானே இந்தத் தலைப்பில் நாற்பது மேடையாவது பேசியிருப்பேன். முதல் வருஷம் கண்ணகி, அடுத்த வருஷம் மாதவி, வழிச்செலவு கூடுதலாகக் கொடுத்தால் நடுநிலை. (சிரிப்பு)

அது என்னங்க தலைப்பு? கோவலனுக்கு யார் சரியான ஜோடி என்று ரசிகர்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டதுதானே? நாங்கள் பேசினால் அதற்கு இலக்கிய ஆய்வு என்று பெயர். எங்கள் வீட்டம்மா தேவயானியைப் பற்றிப் பேசினால் வெட்டிப் பேச்சா?

படித்தவர்கள் விஷயத்தை விடுங்கள். என் தாயார் பிறந்த ஊர் செய்யாறு பக்கம். புரிசைக் கூத்து கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வட்டாரம். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகில் உரியும் கட்டம் விடியவிடிய நடக்கும். தன்னையே சூதில் தோற்றுவிட்டவனுக்கு, அதற்கப்புறம் என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று சபையைப் பார்த்து திரௌபதி கேட்பாள். கூத்து முடிந்து, வேஷம் கலைத்து, எல்லாரும் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் கிணற்றடியில்தான் உண்மையான பட்டிமன்றம். "தருமர் பண்ணது நியாயமாக்கா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்த அவள் புருஷன் அப்போதுதான் அந்தப் பக்கமாகப் பல் துலக்கிக்கொண்டு போவான். அவனைக் கேட்க அவளால் முடியாது. தருமரைக் கேட்கலாம். தருமரைக் கேட்டால் எந்த மாமியாரும் தடுக்க முடியாது.

இந்த ஊருக்கே வருகிறேன். 1017இல் உடையவர் அவதரித்த மண் இது. அவர் துறவு பூண்ட கதையைக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. மனைவி தஞ்சமாம்பாள் கிணற்றடியில் குருபத்தினியோடு சச்சரவிட்டார், அடியவருக்கு அன்னமிட மறுத்தார், அதனால் அவரைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டார் என்று கதை போகும். மகானைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. அந்த அம்மாவின் தரப்பைச் சொல்ல நூலில் யாரும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் சந்நிதித் தெருவில் ஒரு பாட்டி, "பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆயிரம் வருஷம் கழித்தும் ஒரு ஜோடியைப் பற்றி ஒருத்திக்கு அபிப்பிராயம் இருக்கிறது, பாருங்கள்.

இனி மாடிக்குப் போகலாம்.

1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006 ஜனவரியில் நோக்கியா தொழிற்சாலை போன் தயாரிக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். ஏரியும் சவுக்குத் தோப்புமாக இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. கார் கம்பெனிக்கு ஆண்கள் போனார்கள். செல்போன் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள், செய்யாறு, வந்தவாசி, விழுப்புரம் என்று கூத்து நடக்கிற அதே ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவு, இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது; தக்க பாதுகாப்போடு இரவிலும் வேலை செய்யலாம் என்றது. அதனால்தான் அந்தப் பெண்கள் மூன்று ஷிப்டும் பார்த்தார்கள்.

எங்கள் மாடியில் ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களிடம் டி.வி. கிடையாது. ராத்திரி ஆனால் எங்கள் ஹாலுக்கு இறங்கி வந்துவிடுவார்கள். எதற்கு? 'கோலங்கள்' பார்க்க. 2003 நவம்பர் 24 முதல் 2009 டிசம்பர் 4 வரை, 1,533 எபிசோடு. விகடன் தயாரிப்பு, சன் டி.வி.யில். தேவயானி அபியாக வந்தார். புருஷன் பாஸ்கர் பணத்தாசை பிடித்தவன். விவாகரத்தாகி, அபி சொந்தமாகக் கட்டடக் கம்பெனி நடத்துகிறாள். அவளுக்குத் துணையாக நிற்கிற நண்பன் பெயர் தொல்காப்பியன். அபி கூப்பிடுவது "தோல்ஸ்". நடித்தவர், தொடரை இயக்கிய திருச்செல்வமேதான்.

பெயரைக் கேட்டதும் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் தொல்காப்பியம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலுள்ள உறவை ஏழாகப் பிரிக்கிறது. ஒருதலைக் காமம் கைக்கிளை. பொருந்தாதது பெருந்திணை. நடுவில் அன்பின் ஐந்திணை. தலைவனுக்குப் பாங்கன் உண்டு, தலைவிக்குத் தோழி உண்டு. தலைவிக்கு ஓர் ஆண் தோழன்? இலக்கணத்தில் இடமே இல்லை! எந்தத் திணையிலும் அடங்காத ஒருவனுக்குத் தொல்காப்பியன் என்று பெயர் வைத்தார்களே, தெரிந்து வைத்தார்களா தெரியாமல் வைத்தார்களா, எப்படியிருந்தாலும் அந்தப் பெயருக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன். (கைதட்டல்)

தமிழ்நாடே அப்போது இதைத்தான் பேசியது. அபி தோல்ஸைக் கட்டிக்கொள்வாளா, மாட்டாளா? எங்கள் ஹாலில் இரண்டு கட்சி. "அவ இன்னும் எத்தனை நாளைக்குத் தனியா இருப்பா? தோல்ஸையே கட்டிக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "கட்டிக்கிட்டா பாஸ்கர் சொன்ன பழி நிஜமாயிடும். நட்புன்னா நட்பாவே இருக்கட்டும்" என்பது இன்னொரு கட்சி. என் மனைவி முதல் கட்சிக்குத் தலைவி. என்னிடம் ஒருநாள் தீர்ப்புக் கேட்டார்கள். நடுவர் நாற்காலி கிடைத்தால் விடுவேனா? "பேர் வைக்க முடியாத உறவுன்னும் ஒண்ணு உண்டும்மா. அபிக்குத் தோல்ஸ் நண்பனாவே இருக்கலாம். அதைக் கேக்க ஊருக்கு உரிமை கிடையாது" என்றேன். நல்ல தீர்ப்பு. அந்தப் பெண்கள் கைகூடத் தட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மதியம் இரண்டு மணிக்குப் போய் ராத்திரி பத்து மணிக்கு முடிகிற ஷிப்டில் இருப்பவளுக்கு அன்றைக்குத் தொடர் கிடையாது. பார்த்தவள் சொன்னால்தான் உண்டு. முதல் கட்சிக்காரி சொன்னால், தோல்ஸ் அபியை ஏக்கமாகப் பார்த்தான் என்று வரும். இரண்டாம் கட்சிக்காரி சொன்னால், மரியாதையாகப் பார்த்தான் என்று வரும். ஒரே பார்வைதான். பாடபேதம்! ஏட்டுச்சுவடியில் பாடபேதம் எப்படி வந்தது என்று மாணவர்களுக்கு இருபது வருஷம் பாடம் நடத்தியும் எனக்குப் புரியாதது, என் வீட்டுச் சமையலறை வாசலில்தான் புரிந்தது.

ஒருத்தி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. விழுப்புரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, பிறந்த வீட்டுக்கு வந்து, அங்கேயும் இருக்க முடியாமல் வேலைக்கு வந்தவள். மறுநாள் காலையில் என் மனைவியிடம் வந்து, "நேத்து தோல்ஸ் என்னம்மா சொன்னாரு?" என்று மட்டும் கேட்பாள். கேட்டுக்கொண்டு போய்விடுவாள்.

அவளோடு அதே லைனில் வேலை பார்த்த ஒரு பையன். பஸ்ஸைத் தவற விட்டால் பைக்கில் கொண்டுவந்து விடுவான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையும் ரொட்டியும் வாங்கி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. ஆனால் தெரு சும்மா இருக்குமா? மளிகைக் கடையில் ஒருவர் என்னிடம், "சார், உங்க மாடிக்கு யாரோ பையன் வந்து போறானாமே" என்றார். அவ்வளவுதான்.

அதே வாரம் நான் காஞ்சிபுரத்தில் மாதவி கட்சியில் பேசி மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மாலை டேபிள் மேல் கிடக்கிறது. அவளைக் கூப்பிட்டு, "மாசக் கடைசியில வேற இடம் பாத்துக்கோம்மா, தெருவுல ஒரு மாதிரி பேசறாங்க" என்றேன்.

அவள் அழவில்லை. "அபிக்குத் தோல்ஸ் இருக்கலாம்னு நீங்கதானே சார் அன்னிக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கதைம்மா" என்றேன்.

எதிரணி நண்பர் இப்போது சொன்ன அதே வார்த்தை. அதனால்தான் அவர் சொன்னபோது என்னால் உங்களோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

மாசக் கடைசி வரை அவள் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் அட்வான்ஸ் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை மட்டும் மறந்து விட்டுப் போனாள். என் மனைவி அதை ரொம்ப நாள் யாரையும் தொட விடவில்லை. கோலங்கள் பார்க்கவும் ஹாலுக்கு வரவில்லை. மாடிக்குப் போய்ப் பெண்களோடு கதையை மட்டும் பேசிவிட்டு வருவாள். நான் ஹாலில் தனியாக உட்கார்ந்து தோல்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல தடவை அந்தப் பெண் வேலை பார்த்த கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றும் பார்த்தேன். அவளைக் காணவில்லை.

அப்புறம் காலம் ஓடிவிட்டது. 2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியா ஆலை மூடப்பட்டது. மாடி காலியானது. அப்புறம் வேறு கம்பெனிகள், வேறு பெண்கள். 'சரவணன் மீனாட்சி'யில் ஜோடியாக நடித்த செந்திலும் ஸ்ரீஜாவும் 2014இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டபோது, மாடியில் ஏதோ தங்கள் வீட்டுக் கல்யாணம் போல அல்வா கிண்டினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. பதினெட்டாயிரம் பேர்! ராத்திரி அங்கே எந்தெந்த ஜோடிக்கு எத்தனை நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ! இப்போது போனில் அவரவர் தனியாகப் பார்க்கிறார்கள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு. ஆனால் பார்த்து முடித்ததும் ஒயரைக் கழற்றிவிட்டுச் சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள், அது மாறவில்லை.

போன மாசம் மாடியைக் கேட்டு மூன்று பெண்கள் வந்தார்கள். ஒரகடத்தில் வேலை. வாசலில் நின்றபடியே ஒருத்தி, "சார், ஃப்ரெண்ட்ஸ் யாராவது, ஆம்பளைங்க, வந்தா ஏதாவது ரூல்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "தண்ணி காலையில ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தான் வரும். புடிச்சு வெச்சுக்கணும். அது ஒண்ணுதான் ரூல்ஸ்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டாள். தண்ணீர் பிடிக்க அந்தப் பச்சை வாளியையும் எடுத்துக் கொடுத்தாள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். உட்கார்ந்துகொள்கிறேன்.